லாரியில் வந்தவர்களைக் கேளுங்கள்

(மும்பை ட்ராம்பேயின் சீத்தா கேம்ப்பில் ஆசிரியர்கள், பெற்றோர்கள், மாணவர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



முதல் கேள்வி பிள்ளைகளுக்கு. நான் பாதி சொல்கிறேன், மீதியை நீங்கள் சொல்லுங்கள். "யானை வரும் பின்னே..." கேட்டதா? அத்தனை பேரும் ஒரே குரலில் "மணியோசை வரும் முன்னே" என்கிறீர்கள். ட்ராம்பேயில் நீங்கள் யானையும் பார்த்ததில்லை, அதன் மணியோசையையும் கேட்டதில்லை. பல தடவை காதில் விழுந்த சொல், வாய் தானாக முடித்துவிட்டது.

இன்னொன்று. "சீத்தா கேம்ப் உருவான ஆண்டு..." இப்போது அமைதி. பின்வரிசையில் இரண்டு தாத்தாக்கள் மட்டும் கையைத் தூக்குகிறார்கள். தெரியாதவர்கள் பேசாமல் இருந்தீர்கள் அல்லவா, அது நல்ல பழக்கம். கைபேசிக்குள் உட்கார்ந்து நமக்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு அந்தப் பழக்கத்தை இன்னும் சரியாகக் கற்கவில்லை. யானைக்குப் பின் மணியோசையை எப்படி நிரப்புகிறதோ, அதே போல ஊர் உருவான ஆண்டையும் நிரப்பிவிடும். இரண்டையும் ஒரே குரலில், ஒரே நிச்சயத்தோடு சொல்லும்.

என்னிடம் டியூஷனுக்கு வரும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு "எங்கள் பகுதியின் வரலாறு" என்று எழுதிவரச் சொன்னார்கள். அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் அந்த வீட்டில் கைபேசி பிள்ளைகள் கைக்கு வரும். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு செயலியிடம் கேட்டு, வந்த நான்கு பத்தியையும் நோட்டில் முத்து முத்தாக எழுதிக்கொண்டு வந்தாள். வெள்ளைக்காரர் காலத்து ராணுவ முகாம், 1940-களில் தொடங்கியது, பிறகு மீனவர்கள் குடியேறினார்கள் என்று இருந்தது. தமிழில் ஒரு பிழை இல்லை. நானே ஒரு கணம் நம்பிவிட்டேன். "பாட்டியிடம் கேட்டாயா?" என்றேன். கேட்கவில்லை. போய்க் கேட்டாள்.

"ஏ புள்ள, வெள்ளைக்காரன் காலத்துலயா நாங்க வந்தோம்? ஜனதா காலனிய இடிச்சப்ப லாரியில ஏத்திக் கொண்டாந்து இந்தச் சேத்துல எறக்கிவிட்டானுவ. ஒங்க பெரியப்பன் அப்ப என் இடுப்புல இருந்தான்" என்றாராம் பாட்டி.

பாட்டி சொன்னதுதான் சரி. 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலம். நகரத்தின் பல மூலைகளிலிருந்து முன்பே அப்புறப்படுத்தப்பட்டு ஜனதா காலனியில் குடிவைக்கப்பட்ட மக்கள், சுமார் 70,000 பேர், பக்கத்தில் வளர்ந்த அணுசக்தி ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக மறுபடியும் பெயர்க்கப்பட்டார்கள். உப்பங்கழி ஓரத்துச் சதுப்பு நிலம்தான் கிடைத்தது. மண்ணும் கல்லும் கொட்டி மேடாக்கி, வீடு கட்டி, தெரு போட்டு, இதை ஊராக்கினார்கள். அந்தப் பெயர்ப்பை எதிர்த்துப் பல ஆண்டு போராடியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர், பம்பாய்க்கு வந்து தச்சு வேலை பார்த்தவர். அதே ஜனதா காலனியில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பள்ளி நடத்தியவர். பின்னாளில் 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன. 2018 அக்டோபரில் மறைந்தார்.

அந்தப் பெண்ணின் நோட்டில் இவற்றில் ஒரு வரிகூட இல்லை. ஏன் இல்லை என்று விளங்கிக்கொள்வதுதான் செயற்கை நுண்ணறிவைப் படிக்கத் தெரிவது என்பதன் முதல் பாடம்.

நான் கணக்கு டீச்சர். ஆகவே கணக்காகவே சொல்கிறேன். இந்த இயந்திரம் கோடிக்கணக்கான பக்கங்களை விழுங்கி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து வைத்திருக்கிறது. பல சமயம் சொல்லைக்கூட முழுதாக எடுப்பதில்லை, துண்டு துண்டாக வெட்டி எடுக்கிறது. நாம் கேள்வி கேட்டால் ஒவ்வொரு துண்டாகக் கோத்துப் பதில் கட்டுகிறது. எதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறதோ அதில் பெரும்பாலும் சரியாக இருக்கும். எதைப் பற்றிக் கொஞ்சமாக எழுதப்பட்டிருக்கிறதோ அங்கே கிட்டத்தட்டப் பொருந்துகிற எதையாவது கோத்துவிடும். சில செயலிகள் இணையத்தில் தேடிப் பார்த்தும் சொல்கின்றன. ஆனால் தேடினால் கிடைக்கும்படி நாம் எதையும் எழுதி வைக்கவில்லையே!

இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'Cheeta Camp' என்று எழுதினால் பத்து எழுத்து, கணினிக்கு 10 பைட்டு. தமிழில் 'சீத்தா' என்று எழுதுங்கள். நமக்கு அது மூன்றெழுத்து. கணினிக்குச் சகரம் ஒன்று, ஈகாரச் சுழி ஒன்று, தகரம், அதன் மேல் புள்ளி, மறுபடி தகரம், ஒரு கால் என்று ஆறு குறிகள். ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு, ஆக 18. 'கேம்ப்' என்பதற்கும் அதே 18. ஆங்கிலத்தில் 10-இல் முடிகிற பெயருக்குத் தமிழில் 36. இதனால் பல செயலிகள் தமிழைக் கூடுதலான துண்டுகளாக வெட்டுகின்றன, கூடுதல் வேலை செய்கின்றன. அவை படித்த எழுத்தில் தமிழின் பங்கும் குறைவு. ஆங்கில விக்கிப்பீடியாவில் 70 லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை லட்சத்தைத் தாண்டியதே பெரிய உழைப்பு. அதில் ட்ராம்பேயின் பங்கு எவ்வளவு இருக்கும்?

எழுதப்பட்டதும் யார் எழுதியது? நம் எம் கிழக்கு வார்டைப் பற்றி உங்கள் கைபேசியிடம் கேட்டுப் பாருங்கள். தேவ்னார் குப்பைமேடு, நோய், 2009 அறிக்கையில் நகரத்தின் 24 வார்டுகளில் மனித வளர்ச்சியில் கடைசி இடம், இவைதான் வரும். அவை பொய்யில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியது அவ்வளவுதான். சதுப்பை யார் மேடாக்கினார்கள், முதல் பாலவாடியை எங்கே நடத்தினார்கள், பங்குனியில் எந்தத் தெருவில் பந்தல் போடுவார்கள், ரம்ஜான் நோன்புக் கஞ்சி எத்தனை வீட்டுக்குப் போகும் என்று யாரும் எழுதவில்லை. அதனால் இயந்திரத்துக்கும் தெரியாது. நம் பிள்ளை அந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தன் ஊர் அவ்வளவுதான் என்று நினைத்துவிடக்கூடாதே என்பதுதான் என் கவலை.

எழுத்தறிவு என்றால் என்ன? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ராத்திரிப் பள்ளிகளில் பெரியவர்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தோம். கைநாட்டு போய்க் கையெழுத்து வந்தால் எழுத்தறிவு வந்துவிட்டது என்று கணக்கு எழுதினார்கள். என் மாணவியாக இருந்த ஒரு அம்மாவுக்கு அது போதவில்லை. "டீச்சர், கையெழுத்துப் போடுற தாள்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கணும், அதச் சொல்லிக்கொடுங்க" என்றார். எத்தனையோ பயிற்சிகளில் எனக்குக் கிடைக்காத விளக்கம் அது. செயற்கை நுண்ணறிவிலும் அப்படியே. கேள்வி தட்டத் தெரிவதும், படம் வரையச் சொல்லத் தெரிவதும் கையெழுத்துப் போடக் கற்றதற்குச் சமம். வந்த பதிலை நம் பெயரில் ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் அது எங்கிருந்து வந்தது, யாருடைய சொல், எதை விட்டுவிட்டது என்று வாசிக்கத் தெரிய வேண்டும்.

ஆசிரியர்களுக்கு நேராக வருகிறேன். நீங்கள் செயற்கை நுண்ணறிவை ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள். மராத்தியில் சுற்றறிக்கை வந்தால் கைபேசியில் படம் பிடித்துத் தமிழாக்கிப் படிக்கிறோம். அதில் தவறே இல்லை. எவ்வளவு நேரம் மிச்சமாகிறது! ஆனால் ஒரு நாள் நடந்ததைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு 'ஷாரீரிக் ஷிக்ஷா' கொடுக்கக்கூடாது என்று ஒரு மராத்தி வாசகம். செயலி தமிழில் சொன்னது: "மாணவர்களுக்கு உடற்கல்வி அளிக்கக்கூடாது." பி.டி. ஆசிரியர் பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தார். இந்தியில் 'ஷிக்ஷா' என்றால் கல்வி. மராத்தியில் 'ஷிக்ஷா' என்றால் தண்டனை, கல்விக்கு அங்கே 'ஷிக்ஷண்'. இரண்டுக்கும் ஒரே தேவநாகரி எழுத்து. இயந்திரம் மராத்தி வாசகத்தை இந்தியாகப் படித்துவிட்டது. பிள்ளைகளை அடிக்காதீர்கள் என்ற உத்தரவு, விளையாட விடாதீர்கள் என்று ஆகிவிட்டது. எனக்கு எப்படிப் பிடிபட்டது? என் அம்மா திட்டும்போது "சிட்சை கிடைக்கும்" என்பார். தமிழிலும் சிட்சை தண்டனைதான்.

இதில்தான் நம் பிள்ளைகளின் பலம் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி, புத்தகத்தில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் உருது. "எந்த மொழியும் உருப்படியாக வரவில்லையே" என்று வருத்தப்படும் பெற்றோர்களை நான் தினமும் பார்க்கிறேன். வருத்தப்படாதீர்கள். ஒரே கேள்வியை நான்கு மொழியில் கேட்டு, நான்கு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே வேறுபடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வகுப்புக்கு ஒரு கைபேசி போதும். ஒரே மொழி மட்டும் தெரிந்த பிள்ளையால் செய்ய முடியாத சோதனை இது. என் வகுப்பில் செய்தபோது கடைசி பெஞ்சுப் பையன்தான் முதலில் கண்டுபிடித்தான்: "டீச்சர், இங்கிலீஷ்ல கேட்டா நீளமா சொல்லுது, தமிழ்ல கேட்டா சுருக்கிடுது. நம்மள ஏமாத்துதா?" ஏமாற்றவில்லை என்று விளக்க எனக்கு ஒரு பீரியட் முழுதும் பிடித்தது. அவ்வளவு நல்ல பீரியட் எனக்கு அதற்கு முன் அமைந்ததில்லை.

அரசாங்கங்களும் உலக அமைப்புகளும் விழித்திருக்கின்றன. யுனெஸ்கோ 2024 செப்டம்பரில் ஆசிரியர்களுக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று எனச் செயற்கை நுண்ணறிவுத் தகுதிச் சட்டகங்கள் இரண்டை வெளியிட்டது. ஆசிரியருக்குப் பதினைந்து தகுதிகள், மாணவருக்குப் பன்னிரண்டு. இரண்டிலும் முதலில் நிற்பது மனிதரை மையமாக வைத்துச் சிந்திப்பது. கருவி பிறகுதான். கேரள அரசின் 'கைட்' நிறுவனம் 2024 மே முதல் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி கொடுக்க இறங்கியது. பிள்ளைகளுக்கு முன் ஆசிரியர் என்ற அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவையும் கணினிச் சிந்தனையையும் கொண்டுவருவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. பாடத்திட்டக் குழுவுக்குத் தலைமை சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் கார்த்திக் ராமன். நல்லது. ஆனால் மாநகராட்சியின் தமிழ் வழிப் பள்ளிக்கு, தமிழில், அது எப்போது வந்து சேரும்? பக்கத்து அணுசக்தி ஆராய்ச்சி மையத்தின் மதிலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவின் முதல் அணு உலை 1956-இல் இயங்கத் தொடங்கியது. 1991 முதல் அங்கே 'அனுபம்' என்ற பெயரில் மீக்கணினிகள் செய்துவருகிறார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் கணினி வந்து சேர எத்தனை ஆண்டு ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். இந்த முறை அப்படிக் காத்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்தேன்.

பெற்றோர்களே, இது பள்ளிக்கூட விஷயம் மட்டும் இல்லை, ரேஷன் அட்டை விஷயமும்தான். தெலங்கானாவில் 'சமக்ர வேதிகா' என்ற கணினி அமைப்பு பல துறைகளின் தரவுகளை இணைத்து, இவருக்குக் கார் இருக்கிறது, அவருக்கு நிலம் இருக்கிறது என்று கணித்துச் சொன்னது. பெயர் ஒத்துப்போனதால் யாருடைய காரோ ஓர் ஏழையின் தலையில் ஏறியது. அட்டைகள் ரத்தாயின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 ஏப்ரலில் நேரில் போய்ச் சரிபார்க்கும்படி உத்தரவானது. சரிபார்த்தபோது தகுதியிருந்தும் அட்டை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். முகத்தை வைத்து ஆளை அறியும் கருவிகளையும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வேலையில், வெள்ளை நிற ஆண்களிடம் நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. கறுத்த பெண்களிடம் நூற்றுக்கு ஏறத்தாழ 35 வரை தவறியது. என் நிறத்தைப் பாருங்கள், உங்கள் நிறத்தைப் பாருங்கள். "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்று கவுன்ட்டரில் யாராவது சொன்னால், எந்தத் தகவலை வைத்துச் சொன்னது, யாரிடம் முறையிட வேண்டும் என்று திருப்பிக் கேட்கும் பிள்ளையை நாம் வளர்க்க வேண்டும்.

எண்ணப்படுவது நமக்குப் புதிதில்லை. 1976 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு குடிசைகளை எண்ணிப் போட்டோ பாஸ் என்ற அடையாள அட்டை கொடுத்தது. ஜோக்கினும் அவருடைய தோழர்களும் அதிலிருந்து ஒரு பாடம் கற்றார்கள்: அடுத்தவர் நம்மை எண்ணுவதற்கு முன் நம்மை நாமே எண்ண வேண்டும். 1985-இல் பைக்குளா நடைபாதைவாசிகளை, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை, ஸ்பார்க் அமைப்பு எண்ணி வெளியிட்ட அறிக்கைக்கு 'கண்ணில் படாத நாங்கள்' என்கிற பொருளில் பெயர் வைத்தார்கள். அந்த மக்கள் எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியோடு பேசினார்கள். இங்கே இருக்கும் ஆசிரியர்களே, கணக்கெடுப்புக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள் நீங்கள். படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒரு குடும்பத்தையாவது பார்க்காதவர் உங்களில் இருக்க மாட்டார். தரவு என்றால் என்ன, அது எங்கே பிசகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. அந்தக் கதையை வகுப்பில் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தடை போட்டால் நிற்காது. ஆகவே கேள்வியை மாற்றுங்கள். 'நீர் மாசுபாடு பற்றிக் கட்டுரை எழுது' என்றால் இயந்திரம் எழுதும். 'உன் தெருக்குழாயில் நேற்று எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை குடம் பிடித்தாய்' என்றால் பிள்ளைதான் எழுத வேண்டும். இயந்திரத்தைக் கேட்டு எழுதினாலும் சரி, என்ன கேட்டாய், என்ன சொன்னது, எதை மாற்றினாய் என்று பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு எழுந்து நின்று வாயால் விளக்கச் சொல்லுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பிள்ளை ராத்திரியில் இயந்திரத்தோடு மனம்விட்டுப் பேசுகிறதா என்று பாருங்கள். 1966-இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற எளிய உரையாடல் நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அதன் வேலை. அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்த அவருடைய செயலாளரே, நான்கைந்து வரி பேசியதும், தனியாகப் பேச வேண்டும், வெளியே போங்கள் என்றாராம். படித்த பெரியவருக்கே அப்படி என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? திட்டாதீர்கள். இயந்திரம் கேட்கிற மாதிரி நீங்களும் கொஞ்ச நேரம் கேளுங்கள். ஆதார் எண், வீட்டு முகவரி, பள்ளிச் சீருடையில் எடுத்த படம், வீட்டுச் சண்டை, இவற்றை அதில் போடக்கூடாது என்றும் சொல்லிவையுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சம்மதத்துக்கும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் சொன்ன அந்த எட்டாம் வகுப்புப் பெண் முன்வரிசையில்தான் இருக்கிறாள். நோட்டில் அந்த நான்கு பத்தியை அவள் கிழிக்கவில்லை. சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "இது தவறு. என் பாட்டி லாரியில் வந்தார்" என்று எழுதி, அடுத்த பக்கத்திலிருந்து பாட்டி சொன்னதை எழுத ஆரம்பித்திருக்கிறாள். இதுவரை பதினோரு பக்கம்.

அவளும் அவள் தோழிகள் ஐந்து பேரும் மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டு உட்காரப் போகிறார்கள். ஜனதா காலனியிலிருந்து வந்தவர்கள், வந்தவர்களின் பிள்ளைகள், யாராக இருந்தாலும் போய் உட்கார்ந்து சொல்லுங்கள். எந்த மாதம், லாரியில் என்னென்ன ஏற்றினீர்கள், முதல் மழைக்கு எங்கே ஒதுங்கினீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். தமிழிலோ இந்தியிலோ உருதுவிலோ சொல்லலாம். ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்றே சொல்லுங்கள், அதையும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்து, முதலில் சிறு புத்தகமாக அச்சடிக்கிறோம். வெளியிடப்பட்ட, நம்பத்தகுந்த ஆதாரத்தைத்தான் விக்கிப்பீடியா மேற்கோளாகக் கேட்கும்.

பழைய போட்டோ பாஸ் யாரிடமாவது இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எண்ணும் முகவரியும் இருக்கும் இடத்தை மறைக்க, வெறும் காகித அட்டையை வெட்டிப் பட்டை பட்டையாகப் பிள்ளைகள் தயாராக வைத்திருக்கிறார்கள்.